கவ்விக்குள் இரண்டு கைகள்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இடம் போதாவிட்டால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஓர் இரவல் வண்டியின் கதை சொல்கிறேன். இரத்தம் வரும், எலும்பு முறியும், இப்போதே சொல்லிவிட்டேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். நடுவில் எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

சொர்ணக்கிளி உப்பளத்துச் சாலையில் திரும்பியபோது வண்டி அலறியது. அறுக்கக் கொண்டுபோகிற ஆடு கடைசியாக ஒரு சத்தம் போடுமே, அந்த மாதிரி. அடுத்த நொடி அதன் இடுப்பு அச்சு இரண்டாக முறிந்தது. பின்சக்கரம் பக்கவாட்டில் சாய, வண்டி சாலையை விட்டு இறங்கி ஓர் உப்புக் குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. சொர்ணக்கிளியின் நெற்றி முன்கண்ணாடியில் மோதிக் கிழிந்தது. இரத்தம் இமைக்கு மேல் வழிந்து வாய்க்குள் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"ஐயோ, பிலோமி வண்டி," என்றாள்.

அது அவள் சிநேகிதி பிலோமியின் வண்டி. தூத்துக்குடித் துறையிலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு மீன் ஏற்றிப் பிழைக்கிறவள் பிலோமி. சாத்தான்குளத்தில் அண்ணன் வீட்டுப் பால் காய்ப்புக்குச் சீர் கொண்டுபோக சொர்ணக்கிளி ஒருநாள் இரவலாகக் கேட்டிருந்தாள். பேருந்தில் போய் இறங்கினால் மதினிகாரி வாய்க்குள்ளேயே சிரிப்பாள். அதற்காகக் கேட்டது.

அந்தக் காலத்து வண்டிகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் பிணைவண்டிகள். உயிருலோகம் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். வெயிலைக் குடித்து ஓடும். கீறினால் தானே ஆறும், முறிந்தால் தானே கூடும். ஆனால் கூடுவதற்கு அதற்குத் தீனி வேண்டும். சின்னக் கீறலுக்கு ஒரு கரண்டி இரத்தம். கதவு நசுங்கினால் தொடைச்சதையில் ஒரு துண்டு. அச்சு முறிந்தால் எலும்பு. மனித எலும்புதான். மாட்டு எலும்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். உலோகம் அதைத் துப்பிவிட்டது.

ஜனங்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள் என்று கேட்பீர்கள். தன் விலா எலும்பு போகும் என்று தெரிந்தவன் குடித்துவிட்டு ஓட்டுவானா? சாலைகளில் பிணம் விழுவது முதல் வருஷமே பாதியாகக் குறைந்தது. அரசாங்கம் பூரித்துப்போய் மற்ற வண்டிகளை எல்லாம் தடை செய்தது. வண்டி வாங்குகிறவர் மணிக்கட்டில் அதே உலோகத்தில் ஒரு வளையை வளர்த்துவிடுவார்கள். பிணைவளை என்று பேர். வண்டி முறிந்தால் வளை கொதிக்கும். பொழுது சாய்வதற்குள் ஈட்டகத்தில் யாராவது ஈடு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வளையே தின்னத் தொடங்கும். கையில் ஆரம்பித்து நெஞ்சு வரைக்கும் போகும். அதற்கு அளவு தெரியாது.

பிலோமி அந்த வண்டிக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்திருந்தாள். விலாவில் இரண்டு, பாதத்தில் கொஞ்சம், தோள்பட்டைச் சதை. இனி ஒரு பெரிய எலும்பு போனால் நெஞ்சுக்கூடு மடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது சொர்ணக்கிளிக்கும் தெரியும். அதனால், பிலோமி வந்து சேர்வதற்குள் தன் கையைக் கொடுத்துக் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று உப்புக் குவியலில் நின்றபடியே தீர்மானித்தாள். அவள் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிறவள். ஒரு கை எலும்பு போனால் பிறகு ஏற முடியாது. அதையும் யோசித்துவிட்டுத்தான் தீர்மானித்தாள்.

ஈட்டகத்து இழுவை வந்து வண்டியைக் கட்டி இழுத்தது. முறிந்த அச்சிலிருந்து வெள்ளையாக ஏதோ சாலை நெடுகச் சொட்டிக்கொண்டே வந்தது.

ஈட்டகம் என்றால் தகரக் கொட்டகை, தரையில் மணல், நடுவில் ஈட்டுப்பொறி. முறிந்த வண்டியைப் பொறியின் ஒரு பக்கம் பூட்டுவார்கள். மறுபக்கம் கவ்வி இருக்கும். ஆட்டுக்கல்லின் குழி மாதிரி ஒரு வாய். அதற்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் பிடித்துக்கொள்ளும். எங்கே எலும்பு வேண்டுமோ அங்கேயிருந்து கை வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

இரவல் வண்டி முறிந்தால் யார் கொடுப்பது என்று ஆரம்பத்தில் நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது. நீ ஓட்டின விதம் சரியில்லை என்பார் கொடுத்தவர். கொடுக்கும்போதே அது ஓட்டை வண்டி என்பார் வாங்கினவர். தேய்ந்தது எப்போது, முறிந்தது எதனால் என்று எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீதிமன்ற வாசலிலேயே குத்திக்கொண்டார்கள். கடைசியில் சட்டத்தை ஒரே வரியாகச் சுருக்கிவிட்டார்கள்: கவ்விக்குள் எவர் கை இருக்கிறதோ அவர் கொடுக்கட்டும். அது எப்படி உள்ளே போயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்படியென்றால் ஈட்டகத்துக்குள் என்ன நடக்கும்? சொர்ணக்கிளி உள்ளே நுழையும்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாமனும் மச்சானும் மணலில் புரண்டுகொண்டிருந்தார்கள். மாமன் மச்சானின் கையைக் கவ்விப் பக்கம் இழுக்கிறான். மச்சான் மாமனின் காதைக் கடித்துப் பிய்க்கிறான். பிய்ந்த துண்டு மணலில் விழுந்து கிடந்தது. ஈட்டுநர் வெயிலுமுத்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தான். இதெல்லாம் அவன் தினமும் பார்க்கிறதுதான்.

"ஒங்கக்காளக் கட்டுனதுக்கு இது வேறயால?" என்றான் மாமன், வாயில் மணலோடு.

"சம்பந்தம் பேச வந்தப்பவே ஒன் மொகரையப் பாத்து வேண்டாம்னேன். எங்கய்யாதான் கேக்கல," என்றான் மச்சான்.

மாமன் ஒரு செங்கல்லை எடுத்து அவன் முழங்கையில் இறக்கினான். மச்சானின் கை துவண்டது. துவண்ட கையை அள்ளிக் கவ்விக்குள் திணித்தான். கவ்வி மூடியது. அந்த நொடியே மச்சான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிணம் மாதிரி அசையாமல் கிடந்தான். ஏனென்றால் பொறிக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள்: உள்ளே மாட்டியபின் திமிறினால், தப்பிக்கப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டு இரட்டிப்பாக உறிஞ்சும். இன்னும் திமிறினால் அதற்கும் இரட்டிப்பு. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

பொறி உறிஞ்சி முடித்தது. மச்சானை மணலில் இழுத்துப் போட்டார்கள். மாமன் தன் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, காதைத் தேடி எடுத்து மடியில் முடிந்துகொண்டு போனான்.

"யாருக்கா அடுத்து?" என்றான் வெயிலுமுத்து. "எதிராளி எங்க?"

"எதிராளி யாரும் இல்ல. நான்தான். சீக்கிரம் பூட்டு, தம்பி."

அவன் தின்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். தானாக நடந்து வந்து கையை நீட்டுகிற ஆளை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. வண்டியைப் பூட்டிவிட்டு அவன் நிமிர்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிலோமி மூச்சிரைக்க நின்றாள். மணிக்கட்டில் வளையைச் சுற்றித் தோல் வெந்து கொப்பளித்திருந்தது.

"ஏளா சொர்ணம். நெத்தியில என்ன இது?"

"ஒண்ணுமில்ல, கண்ணாடி பட்டுட்டு. நீ எதுக்கு வந்த?"

"கை கொதிக்கி. வராம, வீட்ல ஒக்காந்து பூக்கட்டச் சொல்லுதியா?"

"வண்டிய முறிச்சது நான். நாலு மூட்டை அரிசியும் அதுக்கு மேல தேக்குக் கட்டிலும் ஏத்துனேன். மதினி முன்னால பவுசா எறங்கணும்னு. என்னைய செருப்பால அடிக்கணும்."

"அச்சு போன மாசத்துலருந்தே முனகிட்டுக் கெடந்து. ஒங்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வண்டிய எடுத்திருப்பியா? பஸ்ல போய் அவ வாயில விழுந்திருப்ப."

"இருந்தாலும் கட்டில ஏத்துனது நான்தான?"

"நல்ல அச்சு ஒரு கட்டிலுக்கா முறியும்? கூறு கெட்டவளே, தப்பு எம்மேலதான்."

வெயிலுமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "யக்கா, ரெண்டு பேரும் வசனத்த மாத்திப் பேசுதீங்க," என்றான்.

அவர்கள் எப்போதும் அப்படித்தான். காயல்பட்டினத்தில் ஒரு கடையில் பிரியாணிக்கு யார் கொடுப்பது என்று இழுத்துக்கொண்டதில் நோட்டு இரண்டாகக் கிழிந்து, கடைக்காரர் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார். மினி பஸ்ஸில் டிக்கெட் எடுக்க ஒருத்தி கையை ஒருத்தி முறுக்கியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் எல்லாருமே இப்படித்தானே. ஆனால் அந்தப் பொறியைச் செய்தவர்கள் கொடுக்காமல் தப்பிக்கிறவர்களை மட்டுமே நினைத்துச் செய்திருந்தார்கள். நான்தான் கொடுப்பேன் என்று அடித்துக்கொள்கிறவர்கள் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

சொர்ணக்கிளி திரும்பிக் கவ்வியைப் பார்த்துப் பாய்ந்தாள். பிலோமி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மணலில் விழுந்தார்கள்.

"விடுட்டி. நீ செத்துப் போவ."

"நீ கோவுரத்துல ஏற வேண்டாமா? எதை வச்சு ஏறுவ, வாலை வச்சா?"

சொர்ணக்கிளி முழங்கையால் ஓங்கி இடித்தாள். பிலோமியின் மூக்கு நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிலோமி இரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் கெண்டைக்காலைக் கடித்தாள். பல் உள்ளே இறங்கியது. சொர்ணக்கிளி காலை உதற, பிலோமி அவளைத் தாண்டித் தவழ்ந்து கவ்விக்கு எட்டிவிட்டாள். சொர்ணக்கிளி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தூணில் மோதவிட்டாள். மோதிய வேகத்தில் தூணில் மாட்டியிருந்த சாமான்கள் எல்லாம் உதிர்ந்து விழுந்தன. ஒருத்தி கழுத்தை ஒருத்தி நெரித்தபடி எழுந்தார்கள். எவள் முந்தினாள் என்று வெயிலுமுத்துவால் பிறகு சொல்ல முடியவில்லை. சொர்ணக்கிளியின் இடது கையும் பிலோமியின் வலது கையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்விக்குள் போயின. கவ்வி மூடியது.

மூடிய பிறகும் அவர்கள் விடவில்லை. பிலோமியின் கையை வெளியே இழுத்துவிட சொர்ணக்கிளி மிதித்துத் தள்ளினாள். சொர்ணக்கிளியின் தோளைப் பிடித்துப் பிலோமி பின்னால் இழுத்தாள். பொறிக்கு என்ன தெரியும்? யாரோ தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் தெரியும். சிவப்பு விளக்கு எரிந்தது. இரட்டிப்பு. இன்னும் இழுத்தார்கள். அதற்கும் இரட்டிப்பு. சொர்ணக்கிளியின் முன்கைக்குள் கொதிக்கிற மணலை ஊற்றியது போல இருந்தது. பிலோமியின் நெஞ்சில் ஏதோ மளுக்கென்று முறிந்து, அவள் மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியது.

"திமிறாதீங்கக்கா," என்று வெயிலுமுத்து கத்தினான். "ரெண்டு பேருக்கும் சேத்து ஏறுது."

"நிறுத்துல அத," என்றாள் சொர்ணக்கிளி.

"நிறுத்துற சுவிட்சே கெடையாதுக்கா. வச்சா எல்லாவனும் அமுக்கிருவான்னு வைக்கல."

அப்போதுதான் சொர்ணக்கிளிக்கு அது உறைத்தது. பிலோமியைக் காப்பாற்ற அவள் இழுக்கிற ஒவ்வோர் இழுப்பும் பிலோமியைக் கொன்றுகொண்டிருந்தது. இதற்கு ஒரே வழி, பேசாமல் பிலோமியைக் கொடுக்க விடுவது. அவள் காலைத் தளர்த்தினாள். உடம்பில் உள்ள ஒவ்வொரு நரம்பும் மாட்டேன் என்றது. அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"பிலோமி, இழுக்காத. நீ இழுக்கத்தான் அது கூட எடுக்கு."

"கைய எடுட்டி, கைய எடு," என்பதைத் தவிர பிலோமிக்கு வேறு பேச்சு வரவில்லை. கண் சொருகியிருந்தது. அப்போதும் இடது கையால் சொர்ணக்கிளியின் தோளை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

காலடியில் ஜாக்கிக் கம்பி கிடந்தது. சொர்ணக்கிளி அதைக் காலால் தள்ளி, குனிந்து வலது கையில் எடுத்தாள். பிலோமியின் இடது முழங்கையில் ஓங்கி அடித்தாள். கை தொங்கியது. பிலோமி அப்போதும் விடாமல் அவள் சேலையைப் பல்லால் கவ்வி இழுத்தாள். சொர்ணக்கிளி கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது தடவை அடித்தாள், பொட்டில். பிலோமி துவண்டு அவள்மேலேயே சரிந்தாள். இருவரும் அசையாமல் கிடந்தார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது. பொறி ஒருமாதிரி ஏப்பம் விட்டுக் கையை வெளியே தள்ளியது.

பிலோமி சாகவில்லை. வலது உள்ளங்கையில் எலும்பு இல்லை, விலாவில் பாதி இல்லை. மூச்சு விட்டால் கதவு இடுக்கில் காற்று நுழைகிற சத்தம். சொர்ணக்கிளியின் இடது முன்கை நனைந்த துணி மாதிரி மடங்கியது. வண்டி மட்டும் புதுசாக, முன்னைவிடக் கனமாக, வயிறு நிறைந்த மாடு மாதிரி மினுமினுத்துக்கொண்டு நின்றது. இரண்டு இரத்தம் குடித்துவிட்டதால் சொர்ணக்கிளியின் மணிக்கட்டிலும் ஒரு வளை முளைத்திருந்தது. இனி அது இருவர் வண்டி.

ஆஸ்பத்திரிக்கு வண்டி நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு ஒரே சந்தேகம்தான்.

"மாட்டிக்கிட்ட அப்புறம் யாருமே திமிற மாட்டாங்க. நீங்க ஏன் திமிறினீங்க?"

"இவ செத்துருவாளேன்னு," என்றாள் சொர்ணக்கிளி.

"நீங்கம்மா?"

"அவ காத்தாடியில ஏறணும்லா," என்றாள் பிலோமி.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகப் போனார்கள். புது வண்டி வார்ப்பதற்கும் எலும்புதான் வேண்டும். அது எப்போதும் பற்றாக்குறை. தப்பிக்கப் பார்க்கிறவனிடம் கிடைப்பது அளவானது. நேசிக்கிறவர்களிடம் கிடைப்பதற்கு அளவே இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள்.

கொஞ்ச நாளில் புதுச் சட்டம் வந்தது. துணையீடு என்று பேர். சுமையைப் பகிர்ந்துகொள்வோம் என்று சுவரெல்லாம் விளம்பரம். எல்லா ஈட்டகத்திலும் நெருக்கமானி என்று ஒரு பொறியை நிறுத்தினார்கள். இரண்டு தட்டு, நடுவில் ஒரு முள். வண்டிக்கு உரியவரும் முறிந்தபோது ஓட்டியவரும் கட்டாயம் வந்து, ஆளுக்கொரு தட்டில் கை வைத்து ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். நாடி, வியர்வை, கண்மணி எல்லாவற்றையும் அது படிக்கும். முள் ஏறினால் இருவரையும் கவ்வி இழுக்கும். முள் அசையாவிட்டால் பழையபடி ஒரு கை போதும், அளவான ஈடு.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஜனங்கள் பகையாளிக்கு மட்டும் வண்டியை இரவல் கொடுத்தார்கள். ஈட்டக வாசலில் தாய் மகன் முகத்தில் துப்பினாள். புதுப்பெண்டாட்டியை மாப்பிள்ளை அறைந்தான். முள் அதற்கெல்லாம் ஏமாறவில்லை.

பிலோமியால் இன்னொரு முறை தாங்க முடியாது. வண்டி என்றைக்கிருந்தாலும் முறியும். வளையைக் கழற்ற வழியில்லை. ஆகவே ஒருநாள் பிலோமி வீட்டு வாசற்படியில் சொர்ணக்கிளி உட்கார்ந்து சொன்னாள்:

"நீ என்னைய வெறுக்கணும்ட்டி."

"மூக்க ஒடச்சவள வெறுக்காம கொஞ்சவா செய்யப் போறேன்?" என்று பிலோமி சிரித்தாள். சிரித்ததும் விசில் அடித்தது. இருவரும் அதற்கும் சிரித்தார்கள்.

முதலில் ஒத்திகை பார்த்தார்கள். தெருக்குழாயில் குடத்தை உருட்டிவிட்டுச் சண்டை போட்டார்கள். மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் வெயிலுமுத்து அவர்களை நெருக்கமானியில் நிற்க வைத்தான்.

"சவத்து மூதி," என்றாள் பிலோமி.

"போடி, மீன் செதில் மூஞ்சி," என்றாள் சொர்ணக்கிளி.

"யக்கா, நீங்க ஏசஏச முள்ளு ஏறுது," என்றான் வெயிலுமுத்து.

நடிப்பு பலிக்காது என்று சொர்ணக்கிளிக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த பிலோமியிடம் போய், தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"முறியப் போற வண்டின்னு தெரிஞ்சேதான எங்கிட்டக் குடுத்த? எங்கையக் குடுத்து ஒன் வண்டிய சரி பண்ணிக்கிட்ட."

பிலோமி நிமிர்ந்து பார்த்தாள். ஒத்திகை என்று நினைத்துச் சிரிக்கப் போனாள். சொர்ணக்கிளியின் முகத்தைப் பார்த்தபின் அந்தச் சிரிப்பு வரவில்லை.

"மதினிகாரிட்ட பவுசு காட்ட, எம் பிள்ளைக வாயில மண்ணப் போட்டவ நீ," என்றாள் பிலோமி, மெதுவாக.

இரண்டுமே பாதி நிஜம். அதனால் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் பாடுபட வேண்டியிருக்கவில்லை. பிலோமியின் அம்மா இறந்தபோது சொர்ணக்கிளி போகவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் இருக்க முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அது பிலோமிக்குத் தெரியாது. காரியம் முடிந்த அன்று பிலோமி அருவாமனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோள்பட்டையில் ஒரு வெட்டு, எலும்பு தெரிந்தது. சொர்ணக்கிளி தடுக்கவில்லை. இந்த வெட்டு போதும், முள் இறங்கிவிடும் என்று அப்போதுகூட நினைத்தாள். ஆனால் ஆறுகிற காயம் வலித்துக்கொண்டே இருந்தது. படுத்தால் வலி, புரண்டால் வலி. வலிக்கிற ஒவ்வொரு தடவையும் வெட்டியவளின் முகம் வந்தது. எதற்காக இதை ஆரம்பித்தோம் என்பது மெல்ல மெல்லப் பின்னால் போய், வெட்டு மட்டும் முன்னால் நின்றது. அவளும் ஒருநாள் பிலோமியின் மீன் கூடைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். அதை யாருடைய நன்மைக்காகவும் செய்யவில்லை.

வருஷங்கள் போயின. ஒருநாள் இருவர் வளையும் கொதித்தன. பிலோமி ஓட்டிக்கொண்டிருந்தபோது பாலத்தில் தட்டி முன்சக்கரக் கம்பி முறிந்துவிட்டது.

ஈட்டகத்துக்கு இருவரும் தனித்தனியாக வந்தார்கள். வெயிலுமுத்துவுக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. அவன் வண்டியைப் பூட்டினான். முள் ஏறினால் பிலோமி இங்கேயே முடிந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

இருவரும் தட்டில் கை வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிலோமியின் மூக்கு கோணலாக ஒட்டியிருந்தது. கழுத்து எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. சொர்ணக்கிளி அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள், சந்தைக்கூட்டத்தில் எதிரே வருகிற முகத்தைப் பார்க்கிற மாதிரி.

முள் அசையவில்லை.

வெயிலுமுத்து நெருக்கமானியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பொறியைத் தட்டிப் பார்த்தான். "ஏறலக்கா," என்றான். "ஒத்தக் கை போதும். யாரு?"

சொர்ணக்கிளி முன்னால் போய்க் கையைக் கவ்விக்குள் வைத்தாள். ஏன் தானே போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எப்போதோ தீர்மானித்து வைத்தது. கால் பழக்கத்தில் நடந்துவிட்டது. யாரும் அவள் கொண்டையைப் பிடித்து இழுக்கவில்லை. கவ்வி மூடியது. இந்தத் தடவை இடது முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அவள் திமிறவில்லை. மணலில் விழுந்து, பல்லைக் கடித்தபடி கிடந்தாள்.

"சீக்கிரம் முடியுமா, தம்பி? வெயிலுக்கு மீன் நாறிரும்," என்றாள் பிலோமி. சேலை நுனியில் மணல் படாமல் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

பொறி ஏப்பம் விட்டது. பிலோமி வண்டியைச் சுற்றிப் பார்த்து, கம்பியை உதைத்துச் சரிபார்த்து, ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். வெயிலுமுத்து சொர்ணக்கிளியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, வாயில் தண்ணீர் ஊற்றினான். அவனுக்குத்தான் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"காப்பாத்திட்டீங்கக்கா," என்றான்.

சொர்ணக்கிளி சாலையில் சின்னதாகிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தாள். உள்ளே எங்கேயாவது சந்தோஷமோ அழுகையோ இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. கால்தான் வலித்தது.

"ஆமா," என்றாள். "அந்தப் பொம்பள பொழச்சுக்கிட்டா."

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போகிறபோது ஒன்று கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டு வாசலில் இரவல் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கட்டும். நீங்கள் கொடுத்த சாமான் ஓட்டையோ உடைசலோ, எப்படியோ திரும்பட்டும்; வாங்கிப்போனவர் மட்டும் முழு ஆளாகத் திரும்பி வந்து உங்கள் அடுப்படி வரைக்கும் உரிமையோடு நடக்கட்டும். யார் கொடுப்பது என்று உங்கள் வீட்டில் கேட்கிற சண்டை சாப்பாட்டுக் கடை வாசலோடு முடியட்டும். நன்றாக இருங்கள்.